சமையல் சோடாவும் நோயாளி இருக்கும் வீடும்

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில், மருந்துகளைப் பற்றிய ஐயங்கள் தீர்ந்த பிறகு, குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வீட்டுத் துப்புரவைப் பற்றியவை. ஃபினாயில் வாடை இவருக்கு ஒத்துக்கொள்ளுமா? ஆசிட் ஊற்றிக் கழிவறையைக் கழுவலாமா? இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, இயற்கையான பொருள் என்று சொல்கிறார்களே, அந்தச் சமையல் சோடாவைக் கொண்டே வீடு முழுவதையும் துடைத்துவிடலாமா?

கேள்வி நியாயமானது. ஆஸ்துமா உள்ளவர், நுரையீரல் நோயாளி, கீமோதெரபி பெறுபவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருப்பவர் ஆகிய எல்லோருக்கும் கடுமையான வாடையும் புகையும் துன்பம் தரும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள பழைய அடுக்ககங்களில் குளியலறை சிறியது; அதன் சன்னல் பெரும்பாலும் இரண்டு கட்டடங்களுக்கு இடைப்பட்ட குறுகிய சந்தைப் பார்த்தே இருக்கும். அங்கே எழும் ஆவி வெளியேற வழியின்றி நோயாளியின் அறைக்கே வந்து சேரும். வாடையில்லாத, புகையில்லாத ஒரு பொருள் கிடைத்தால் அது பெரும் ஆறுதல்தான்.

ஆனால் அந்த ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு. சமையல் சோடா அழுக்கை நீக்கத் துணை செய்யும். நோய்க்கிருமியை அழிப்பதற்கு அதை நம்பக் கூடாது. தானாக அள்ளிக் குடிக்கும் மருந்தும் அன்று அது. இந்த மூன்றையும் பிரித்து அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

எந்தச் சோடா?

நம் வீடுகளில் சமையல் சோடா, ஆப்ப சோடா, சோடா உப்பு என்று பல பெயர்களில் வழங்கும் பொருள் ஒன்றே. அதன் வேதிப்பெயர் சோடியம் பைகார்பனேட். ஆப்ப மாவிலும் பஜ்ஜி மாவிலும் ஒரு சிட்டிகை சேர்க்கப்படுவது இதுவே.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வெள்ளைப் பொருள்கள் மூன்று. முதலாவது பேக்கிங் பவுடர். அது சமையல் சோடாவுடன் அமிலத்தூளும் மாவும் கலந்த கலவை, துப்புரவுக்கு ஏற்றதன்று. இரண்டாவது சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். சமையல் சோடாவைவிட மிகவும் காரமானது. வெறுங்கையில் நெடுநேரம் பட்டால் தோல் எரியும். மூன்றாவது காஸ்டிக் சோடா. அடைப்பு நீக்கும் தூள்கள் சிலவற்றில் இருப்பது இதுவே. தோலையும் கண்ணையும் உணவுக்குழாயையும் வெந்துபோகச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. மூன்று சோடாக்களின் பெயரும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. நிறமும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆகவே கடையில் 'சோடா' என்று மட்டும் கேட்டு வாங்காமல், உறையின் மீதுள்ள முழுப்பெயரைப் படித்து வாங்க வேண்டும்.

இயற்கையான பொருள் என்னும் சொல்லையும் சற்று ஆராய்வோம். கார மண்ணைக் கொண்டு வெளுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய உவர்மண்ணில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் இருந்தன. ஆனால் இன்று பொட்டலத்தில் வருவது தொழிற்சாலையில் செய்யப்படுவது. பெல்ஜிய நாட்டின் எர்னஸ்ட் சால்வே 1861-இல் வகுத்த முறையில், உப்புநீர், அம்மோனியா, சுண்ணாம்புக்கல்லிலிருந்து வரும் கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு சோடா தயாரிக்கலாம். குஜராத்தின் மிட்டாபூரில் 1939-இல் தொடங்கப்பட்ட டாட்டா கெமிக்கல்ஸ் இந்தியச் சோடாத் தொழிலின் முன்னோடிகளுள் ஒன்று. நம் தூத்துக்குடியிலும் ஓர் ஆலை உண்டு. கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து அதையே சோடா தயாரிக்கப் பயன்படுத்தும் திட்டத்தை 2016-இல் தொடங்கி, அது உலகின் கவனத்தைப் பெற்றது. தொழிற்சாலையில் பிறந்தது என்பதால் சோடா கெட்டதாகிவிடாது. இயற்கை என்று பெயர் சூட்டுவதால் தீங்கற்றதாகியும் விடாது. எதற்கு, எவ்வளவு, எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே கணக்கு.

அது வேலை செய்யும் விதம்

சமையல் சோடா மூன்று வழிகளில் துப்புரவுக்கு உதவுகிறது.

முதலாவது, அது மென்மையான காரம். நீரில் கரைந்தால் அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 8.3. நடுநிலையான தூய நீரின் அளவு 7. புளித்த பால், வியர்வை, கெட்டுப்போன உணவு ஆகியவற்றின் வாடைக்குப் பெரும்பாலும் அமிலங்களே காரணம். சோடா அவற்றை நடுநிலையாக்குவதால் வாடை மறைக்கப்படாமல் குறைந்தே போகிறது. வாசனைத் தெளிப்பான் செய்வது வேறு. அது ஒரு வாடையின் மேல் மற்றொன்றைப் போர்த்துகிறது. குமட்டல் உள்ள நோயாளிக்கு இரண்டும் சேர்ந்து இரட்டைத் துன்பம்.

இரண்டாவது, அதன் துகள்கள் தேய்ப்புத் தூளாகப் பயன்படும். அவை கண்ணாடியையும் எவர்சில்வரையும்விட மென்மையானவை. நம் பாட்டிமார் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் துலக்கியதற்கும், வெள்ளிச் சாமான்களை விபூதியால் துடைத்ததற்கும் இதே காரணந்தான்: அழுக்கைவிடக் கடினமாகவும் பாத்திரத்தைவிட மென்மையாகவும் உள்ள தூள் வேண்டும்.

மூன்றாவது, இலேசான எண்ணெய்ப் பிசுக்கை அது தளர்த்தும். கெட்டியாகப் படிந்த பிசுக்குக்கு அது மட்டும் போதாது. பாத்திரம் துலக்கும் சோப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோடா ஒரு காரம் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மஞ்சள் தூளைச் சிறிது நீரில் கரைத்து, அதில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் மாறி இலேசாகச் சிவக்கும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினைதான். சுண்ணாம்பு மிகக் கடிய காரமாதலால் அங்கே சிவப்பு ஆழமாகிறது. இந்த அறிவு சமையலறையிலும் பயன்படும். மஞ்சள் கறை பட்ட மேடையைச் சோடாவால் துடைத்தால் கறை சிவந்து தெரியும். கல் கெட்டுவிட்டதோ என அஞ்ச வேண்டாம். நீரால் நன்கு துடைத்தால் சிவப்பு தணியும்.

நம்பிப் பயன்படுத்தத்தக்க இடங்கள்

வெந்நீர் பிளாஸ்க்: நோயாளிக்குக் கஞ்சியும் காபியும் கொண்டுவரும் பிளாஸ்கில் கறையும் வாடையும் எளிதில் தங்கிவிடும். ஒரு தேக்கரண்டி சோடாவை இட்டு வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, பிரஷ் கொண்டு தேய்த்து, மூன்று முறை அலச வேண்டும். ஊறும்போது மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். சூடான நீரில் சோடாவிலிருந்து கரியமில வாயு பிரியும். மூடியை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடி, திறக்கும்போது வெந்நீர் முகத்தில் தெறிக்கக்கூடும்.

காபி ஃபில்டர், டிபன் கேரியர்: ஃபில்டரின் துளைகளில் படியும் காபிப் பிசின், டிபன் கேரியரின் விளிம்பில் தங்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்து ஊறவைத்துப் பின் சோப்பால் துலக்கலாம். இது எவர்சில்வர் பாத்திரத்துக்குரிய முறை.

குளிர்பதனப் பெட்டி: ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்துத் தட்டுகளைத் துடைக்கலாம். வாய் அகன்ற கிண்ணம் ஒன்றில் சோடாவைத் திறந்து வைத்தால் உள்ளே சூழும் வாடை குறையும். அதை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். அப்படி வைத்த சோடாவைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளில் இம்முறை மிகவும் ஏற்றது. மருந்தை வெளியே எடுத்துவைத்து நெடுநேரம் துடைக்காமல், தட்டுத் தட்டாகச் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடலாம்.

அடுப்பு மேடையும் வாஷ்பேசினும்: மூன்று பங்கு சோடாவுடன் ஒரு பங்கு நீரைச் சேர்த்துப் பசைபோலக் குழைத்து, ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்து, மீண்டும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் வெள்ளைப் படிவு தங்கும்.

பழைய தரைகள்: மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் மொசைக் தரை, கடப்பைக் கல், சலவைக்கல் ஆகியவற்றை இன்றும் காணலாம். சலவைக்கல்லும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு வகைக் கற்கள். மொசைக்கிலும் சலவைக்கல் துண்டுகளும் சிமெண்டும் உள்ளன. ஆசிட், வினிகர், எலுமிச்சைச்சாறு ஆகிய அமிலங்கள் இவற்றை அரித்து மெருகைப் போக்கும். அரித்த தரை சொரசொரப்பாகி அழுக்கை மேலும் பிடித்துக்கொள்ளும். இத்தரைகளில் படிந்த கறைக்குச் சோடாக் கரைசல் பாதுகாப்பான தேர்வு. துடைத்தபின் தரை உலரும்வரை முதியவர்களை அவ்வழியே நடக்கவிடக் கூடாது. ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது எந்த அழுக்கையும்விடக் கொடியது.

எங்கே பயன்படுத்தினாலும் தூளை உயரத்திலிருந்து தூவ வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களின் அறையில் நீரில் கரைத்தே பயன்படுத்த வேண்டும்.

சோடா தோற்கும் இடங்கள்

சென்னைவாசிகள் சோடாவைக் கொண்டு வீணாகப் போராடும் இடம் ஒன்று உண்டு. அது உப்புக்கறை. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், குழாய் முனையிலும் வாளியிலும் பக்கெட்டின் அடியிலும் வெண்மையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதுவும் காரத்தன்மை உடையது; காரம் காரத்தைக் கரைக்காது. அதற்கு எலுமிச்சைச்சாறு, வினிகர் போன்ற மென்மையான அமிலமே தேவை. பித்தளை விளக்கைப் புளியால் துலக்கும் வழக்கத்தின் அடிப்படையும் அமிலமே. குழாய் முனையை எலுமிச்சைச்சாற்றில் நனைத்த துணியால் அரை மணி நேரம் சுற்றிவைத்து, பிறகு தேய்த்து அலசினால் போதும். கீழே சலவைக்கல்லோ கடப்பைக் கல்லோ இருந்தால் சாறு சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிப்போர் அறிய வேண்டியது மற்றொன்று. சிறுநீர் நாட்பட்டால் எழும் கூர்மையான வாடை அம்மோனியாவினால் ஆனது. அம்மோனியாவும் காரமே. மெத்தையில் புதிதாகப் பட்ட ஈரத்தை ஒற்றி எடுத்துச் சோடாவைப் பரப்பினால் ஈரத்தை ஓரளவு உறிஞ்சும். ஆனால் பழைய அம்மோனியா வாடையைச் சோடாவால் நீக்க இயலாது. சோப்பு நீரால் துடைத்து வெயிலில் உலர்த்துவதும், மெத்தைக்கு ரப்பர் விரிப்பு இடுவதுமே வழி. சோடாத்தூள் மெத்தையில் எஞ்சியிருக்கும்போது நோயாளியை அதன்மேல் படுக்கவைக்கக் கூடாது. படுக்கைப்புண் உள்ள தோலுக்கு அது உறுத்தும்.

அலுமினியப் பாத்திரங்களைச் சோடாவில் ஊறவைத்தால் கறுத்துவிடும். மழைக்காலத்துச் சுவரில் பூக்கும் கரும்பூஞ்சணத்துக்கும் சோடா தீர்வன்று; நீர்க்கசிவை நிறுத்தினால்தான் பூஞ்சணம் நிற்கும். எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளி இருக்கும் அறையில் அதை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. நோயாளியை வேறு அறைக்கு மாற்றிக் கதவை அடைத்து, சுவரை நனைத்த பிறகே துடைக்க வேண்டும்.

நெபுலைசர் கிண்ணம், ஆக்சிஜன் ஈரப்பதக் குடுவை, மூக்குவழி உணவுக் குழாய் ஆகிய மருத்துவக் கருவிகளில் சோடாவைப் பயன்படுத்த வேண்டாம். செவிலியர் கற்றுத்தந்த முறையையே பின்பற்றுங்கள்.

நுரை பொங்குவது எதனால்?

சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை பொங்குகிறது. அதைக் கண்டு அழுக்கெல்லாம் கரைகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். நடப்பது வேறு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கரியமில வாயு நுரையாக வெளியேறுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் நீரும் சோடியம் அசிடேட் என்னும் உப்புமே. பொங்கும் அந்தச் சில நொடிகளில் இலேசான அழுக்கு அசைந்து கொடுக்கலாம். பொங்கி அடங்கிய நீரைப் புட்டியில் அடைத்துவைத்துத் துடைப்பதில் பயனில்லை. மூடி இறுக்கிய புட்டி வெடிக்கவும் கூடும். இரண்டையும் பயன்படுத்த விரும்பினால் தனித்தனியே பயன்படுத்துங்கள்: பிசுக்குக்குச் சோடா, உப்புக்கறைக்கு அமிலம்.

அடைபட்ட வாஷ்பேசினுக்கும் இது பொருந்தும். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் இறுகிய அடைப்பை நுரை தள்ளாது. ரப்பர் உறிஞ்சியால் அழுத்துவதே நல்லது. முன்பே அடைப்பு நீக்கும் தூளை இட்டிருந்தால், அதன்மேல் வேறு எதையும் ஊற்றக் கூடாது.

அழுக்கு வேறு, கிருமி வேறு

இப்பாடத்தில் நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இதுவே. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதெல்லாம் கிருமியற்றது ஆகாது. துடைக்கும்போது அழுக்கோடு சேர்ந்து கிருமிகளின் எண்ணிக்கை குறைவது உண்மை. ஆயினும் சோடா ஒரு கிருமிநாசினி அன்று.

அன்றாடம் தரையையும் மேடையையும் துடைப்பதற்குக் கிருமிநாசினி தேவையில்லை. சோப்பு நீரோ சோடாக் கரைசலோ போதும். பின்வரும் சூழல்களில் மட்டும் கிருமிநாசினி கட்டாயம் தேவை: இரத்தம், வாந்தி, மலம் சிந்திய இடம், வயிற்றுப்போக்கு உள்ளவர் பயன்படுத்திய கழிவறை, தொற்று உள்ளவர் அடிக்கடி தொடும் கதவுக் கைப்பிடி, மின்விசை, கட்டிலின் ஓரம், வெள்ளநீர் புகுந்த வீடு.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை ஆகிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றதையும் நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நீரில் சாக்கடை கலந்திருக்கும். அதன்பின் வீட்டைத் தூய்மையாக்கும் வரிசை இது: சேற்றை வாரி வெளியேற்றுதல், சோப்பு நீரால் கழுவுதல், பிறகு குளோரின் கரைசலால் துடைத்தல், கடைசியாகக் காற்றோட்டம் தந்து உலரவிடுதல். சேற்றின் மேலேயே குளோரினை ஊற்றினால் அதன் ஆற்றல் சேற்றிலேயே தீர்ந்துபோகும். கழுவுதல் முன், கிருமி நீக்கம் பின்: இந்த வரிசை மாறக் கூடாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தின் புட்டியில் 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், அதில் 20 மில்லியை 980 மில்லி நீருடன் சேர்க்க 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். தரைக்கும் கைப்பிடிக்கும் இது போதும். துடைத்தபின் 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். இரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு பங்கு திரவமும் ஒன்பது பங்கு நீரும் சேர்த்த 0.5 சதவீதக் கரைசல் தேவை. இரத்தத்தை முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குளிர்ந்த நீரிலேயே கலக்க வேண்டும். கையுறை அணிய வேண்டும். சன்னல் திறந்திருக்க வேண்டும். அன்றைய கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

ஒருபோதும் கலக்கக் கூடாதவை

துப்புரவின்போது நேரும் பேராபத்துகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைக் கலப்பதால் நேர்கின்றன. பிளீச்சிங் பவுடரையோ ஹைப்போகுளோரைட்டையோ கழிவறை ஆசிடுடன் சேர்த்தால் குளோரின் வாயு எழும். வினிகரும் எலுமிச்சைச்சாறும்கூட அமிலங்களே. இவற்றுடனும் சேர்க்கக் கூடாது. அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான்களுடன் சேர்த்தால் குளோரமின் என்னும் ஆவி எழும். இரண்டும் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். சன்னல் சிறிதாயுள்ள குளியலறையில் நலமானவரே மூச்சுத் திணறி விழலாம். நுரையீரல் நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பராமரிப்போர்க்கு ஒரு தனிக்குறிப்பு. சிறுநீர் தேங்கிய பெட்பேனிலோ சிறுநீர்ப் புட்டியிலோ நேரடியாகக் குளோரினை ஊற்றக் கூடாது. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து அதே நச்சாவி உண்டாகும். முதலில் கொட்டி, நிறைய நீரால் அலசி, சோப்பால் கழுவிய பிறகே குளோரின் கரைசலை ஊற்ற வேண்டும்.

காய்கறி கழுவுதல்

சந்தையிலிருந்து வரும் காய்கனிகளைச் சோடா நீரில் ஊறவைக்கலாமா என்றும் பலர் கேட்கின்றனர். 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிள் பழத்தின் மேல் இரண்டு பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மருந்துகளை இட்டுச் சோதித்தனர். லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியபோது தோலின் மேற்பரப்பில் இருந்தவை நீங்கின. தோலுக்குள் ஊடுருவியவை எஞ்சின. எல்லா மருந்துகளுக்கும் எல்லாக் காய்களுக்கும் இது பொருந்தும் என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே அடிப்படை. சோடாவில் ஊறவைத்தால் பின்னர் நன்கு அலச வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த நிலையில் உள்ளவர்களுக்குக் கழுவியது மட்டும் போதாது. சமைத்த காய்கறியையும், மருத்துவர் அனுமதித்த, தோல் உரித்து உண்ணும் பழங்களையுமே கொடுங்கள்.

துப்புரவுப் பொருளை மருந்தாக்க வேண்டாம்

நெஞ்செரிச்சலுக்கு ஒரு தேக்கரண்டி சோடாவை நீரில் கலந்து குடிக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறக்குறைய 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் நலமுள்ள பெரியவர் ஒருவருக்குப் பரிந்துரைக்கும் நாளொன்றின் உச்சவரம்பே 2,000 மில்லிகிராமுக்குக் குறைவுதான். உப்பில்லாக் கஞ்சி குடித்துப் பத்தியம் காக்கும் இதய நோயாளியும் சிறுநீரக நோயாளியும் இரத்த அழுத்தக்காரரும், ஒரே மிடற்றில் அந்தப் பத்தியத்தைக் குலைத்துவிடக்கூடும். உடலில் நீர் தேங்கி மூச்சிரைப்பு வரலாம். சில மருந்துகள் உடலில் சேரும் அளவும் மாறலாம்.

டயாலிசிஸ் திரவத்தில் பைகார்பனேட் சேர்க்கப்படுவதும், சிறுநீரக நோயாளிகள் சிலருக்குச் சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதப்படுவதும் உண்மையே. ஆனால் அங்கே இரத்தப் பரிசோதனை பார்த்து, அளந்து தரப்படுகிறது. 'டாக்டரே இதைத்தானே தருகிறார்' என்று வீட்டில் கரண்டியால் அள்ளுவது அதற்கு ஈடாகாது.

கீமோதெரபியால் வாய்ப்புண் வந்தவர்களுக்குச் சோடாவும் உப்பும் கலந்த நீரால் வாய் கொப்பளிக்கச் சொல்வதுண்டு. 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் புகழால், அடையாற்றுப் பக்கம் வாடகை அறைகளில் தங்கிச் சிகிச்சை பெறும் வெளியூர்க் குடும்பங்கள் பல உண்டு. சமையலும் துப்புரவும் மருந்தும் ஒரே அறையில் நடக்கும் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொப்பளிக்கும் சோடாவுக்குத் தனி டப்பா, தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்ன அளவில் கலந்து, கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. கதிரியக்கச் சிகிச்சை பெறும் தோலில் சோடாவைப் பூசவே கூடாது.

டப்பாவும் பெயர்ச்சீட்டும்

ஒரு வீட்டில் எத்தனை வெள்ளைத் தூள்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: உப்பு, சர்க்கரை, மைதா, சமையல் சோடா, சலவைச் சோடா, கோலமாவு, பிளீச்சிங் பவுடர். பழைய ஹார்லிக்ஸ் புட்டியிலும் பிஸ்கட் டப்பாவிலும் இவற்றைக் கொட்டிவைத்துப் பெயர் எழுதாமல் விடுவது பெருந்தீங்கு. கண்பார்வை மங்கிய முதியவரும், இரவில் அவசரத்தில் கைநீட்டும் பராமரிப்பாளரும், வீட்டுக்குப் புதிதாக வந்த உதவியாளரும் ஏமாற அது போதும். துப்புரவுப் பொருள்களைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். வாங்கிய உறையிலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

எவரேனும் காஸ்டிக் சோடாவையோ ஆசிடையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; காரத்துக்கு மாற்று என்று எலுமிச்சைச்சாறு கொடுக்கவும் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, விழுங்கிய பொருளின் உறையையும் கையோடு எடுத்து வாருங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள்; அதன்பிறகே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். நச்சாவியால் மூச்சு முட்டினால் முதலில் அவ்விடத்தைவிட்டு வெளியேறிக் காற்றோட்டமான இடத்துக்கு வாருங்கள். கலந்ததைக் கழுவிவிட மீண்டும் உள்ளே நுழைய வேண்டாம்.

வாரத்துக்கு ஒருமுறை

வீட்டைப் பராமரிப்பவருக்கு நேரமும் உடல்வலுவும் அளவானவை. ஆகவே எல்லாவற்றையும் நாள்தோறும் செய்ய முனைய வேண்டாம். நாள்தோறும் நோயாளியின் அறைத் தரையும் அவர் தொடும் இடங்களும் சோப்பு நீரால் துடைக்கப்பட்டால் போதும். வாரம் ஒருமுறை பிளாஸ்க், குளிர்பதனப் பெட்டி, அடுப்பு மேடை ஆகியவற்றைச் சோடாவால் துலக்கலாம். உப்புக்கறையை மாதம் ஒருமுறை எலுமிச்சையால் நீக்கலாம். குளோரின் கரைசல் தேவைப்படும் நாளில் மட்டும் கலக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் கைகளைச் சோப்பால் கழுவுதல் வேண்டும். நோயாளியைத் தொற்றிலிருந்து காக்கும் வழிகளுள் இதைவிட எளியதும் செலவு குறைந்ததும் வேறில்லை.

உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்தப் பொருளின் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, எந்த இடத்தைத் துடைப்பதில் ஐயம் இருக்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது செவிலியரிடம் காட்டுங்கள். வீட்டில் உள்ள துப்புரவுப் பொருள்களின் உறைகளைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தால் மேலும் நல்லது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை விலக்க வேண்டும் என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.